டயாப்லோ 2: முதல் பாகத்தை எந்த அளவுக்கு மிஞ்சியது?

கம்ப்யூட்டர் கேம்களில் 'இரண்டாம் பாகம்' என்று பெட்டியில் போட்டிருந்தால் கொஞ்சம் சந்தேகத்துடனேயே பார்க்க வேண்டியிருக்கின்றது. முதல் பாகம் நன்றாக விற்றிருக்கும். அதே சரக்கை நான்கு புது ஆயுதங்கள், இரண்டு புது அரக்கர்களோடு மறுபடியும் விற்பார்கள். இதற்கு விதிவிலக்காக எல்லோரும் காட்டும் கேம்களில் ஒன்று பிளிசார்ட் நிறுவனத்தின் டயாப்லோ 2. 2000ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி வெளியாகி, முதல் இரண்டு வாரங்களிலேயே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2021ல் இதைப் புதுப்பித்து மீண்டும் வெளியிட்டார்கள். அதற்கும் கூட்டம் வந்தது.

இரண்டு பாகங்களையும் சமீபத்தில் அடுத்தடுத்து, ஆரம்பம் முதல் முடிவு வரை ஆடிப் பார்த்தேன். இரண்டாவது மேம்பட்ட கேம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கே மேம்பட்டது, அதற்காக எதை விட்டுக்கொடுத்தது என்று பார்த்தால், 'எல்லாமே பெரிதாகிவிட்டது' என்ற வழக்கமான பதில் போதவில்லை. கதையின் சில ரகசியங்கள் இந்தக் கட்டுரையில் வெளிப்படும். கால் நூற்றாண்டு பழைய கேம் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊர், ஒரு சர்ச், பதினாறு மாடி

முதல் டயாப்லோ, 1996 முடிந்து 1997 பிறக்கும் சமயத்தில் வந்தது. கலிபோர்னியாவில் காண்டோர் என்ற பெயரில் இயங்கிய ஒரு சிறிய குழு இதைத் தொடங்கியது. 1996ல் பிளிசார்ட் அந்தக் குழுவை வாங்கி பிளிசார்ட் நார்த் என்று பெயர் மாற்றியது. டேவிட் ப்ரெவிக், மேக்ஸ் ஷேஃபர், எரிக் ஷேஃபர் ஆகிய மூவரும்தான் இதன் முக்கியப் புள்ளிகள்.

சுவையான செய்தி ஒன்று உண்டு. டயாப்லோ முதலில் சதுரங்கம் போல முறை வைத்து ஆடும் கேமாகத்தான் திட்டமிடப்பட்டது. நீங்கள் ஒரு அடி வைத்தால் அரக்கன் ஒரு அடி வைப்பான். பிளிசார்ட் தலைமை அலுவலகத்தில் இருந்தவர்கள், இதை நேரடி ஓட்டத்திற்கு மாற்றுங்கள் என்று வற்புறுத்தினார்கள். ப்ரெவிக் முதலில் மறுத்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் உட்கார்ந்து சில மணி நேரத்திலேயே கோடிங்கை மாற்றிவிட்டார். எலும்புக்கூட்டின் மீது மவுஸை க்ளிக் செய்ததும் வீரன் நடந்துபோய் அதை அடித்து நொறுக்கினான். இதை 2016ல் நடந்த கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் அவரே விவரித்திருக்கின்றார். ஒரு வகை கேமே அந்த மாலையில் பிறந்தது எனலாம்.

ஆட்டம் எளிமையானது. ட்ரிஸ்ட்ரம் என்ற சிற்றூர். ஓரத்தில் பாழடைந்த சர்ச். அதன் கீழே பதினாறு நிலைகள். முதல் நான்கு சர்ச்சின் அடித்தளம், அடுத்த நான்கு கல்லறைச் சுரங்கம், அடுத்த நான்கு குகை, கடைசி நான்கு நரகம். கீழே போக வேண்டும், கொல்ல வேண்டும், கிடைத்ததை மேலே கொண்டுவந்து விற்க வேண்டும், மறுபடி கீழே போக வேண்டும். நிலவறையின் அமைப்பை ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்ப்யூட்டரே புதிதாக வரைந்து கொடுக்கும். பென்டியம் 60 ப்ராசஸரும் 8 எம்பி ராமும் இருந்தால் போதும், கேம் ஓடியது.

வீரன், வில்லாளி, மந்திரவாதி என்று மூன்று பாத்திரங்கள். நிஜத்தில் அவர்களுக்குள் வித்தியாசம் குறைவு. வீரனுக்கு ஆயுதத்தைப் பழுது பார்க்கத் தெரியும், வில்லாளிக்குப் பொறிகளைச் செயலிழக்கச் செய்யத் தெரியும், மந்திரவாதிக்குக் கோலை மறுபடி சார்ஜ் செய்யத் தெரியும். அவரவர்க்கென்று உரிய திறமை அவ்வளவுதான். மற்றபடி மந்திரங்கள் எல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். புத்தகம் கிடைத்து, மேஜிக் எண் போதுமானதாக இருந்தால் வீரனும் படித்து நெருப்பு வீசலாம். வீரனின் மேஜிக் எண் 50க்கு மேல் தானாக ஏறாது, ஆகவே அவன் வெகுதூரம் போக முடியாது. இருந்தாலும் உங்கள் பாத்திரம் எப்படி வளரும் என்பதை முடிவு செய்தது உங்கள் திட்டம் அல்ல, தரையில் விழும் புத்தகம்தான்.

ஸ்கில் ட்ரீ: உண்மையான மாற்றம் இங்கேதான்

டயாப்லோ 2ல் முதலில் கண்ணில் படுவது அளவு. ஐந்து பாத்திரங்கள், நான்கு நாடுகள், பாலைவனம், காடு, நரகம். ஆனால் இந்த கேமை உண்மையில் வேறொன்றாக மாற்றியது ஸ்கில் ட்ரீ என்ற ஒரு திரைதான்.

ஒவ்வொரு பாத்திரத்திற்கும் மூன்று மரங்கள், ஒவ்வொன்றிலும் பத்துத் திறமைகள், மொத்தம் முப்பது. லெவல் 1, 6, 12, 18, 24, 30 என்று படிப்படியாகத் திறக்கும். மேலே உள்ளதைக் கற்றால்தான் கீழே உள்ளதைத் தொட முடியும். ஒரு லெவல் ஏறினால் ஒரு பாயின்ட். ஒரு திறமையில் இருபது பாயின்ட்கள் வரை போடலாம். 99ஆம் லெவல் வரை ஏறி, மூன்று கடின நிலைகளிலும் உள்ள குவெஸ்ட்களை முடித்தாலும் மொத்தம் கிடைப்பது 110 பாயின்ட்கள்தான். ஆகவே முப்பதில் ஐந்தாறு திறமைகளைத்தான் நன்றாக வளர்க்க முடியும். மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்த விட்டுக்கொடுத்தல்தான் முதல் பாகத்தில் இல்லாத விஷயம். ஒரே நெக்ரோமேன்சர் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எலும்புக்கூடுகளை எழுப்பிப் படை திரட்டி, தான் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார். இன்னொருவர் விஷத்தையே நம்புவார். மூன்றாமவர் எலும்பு ஈட்டி வீசுவார். மூவரும் ஆடுவது ஏறக்குறைய மூன்று வெவ்வேறு கேம்கள். முதல் பாகத்தில் இரண்டு மந்திரவாதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பத்தாம் நிலைக்குப் பிறகு வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த வடிவில் இந்த ஸ்கில் ட்ரீயில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. சக்தி வாய்ந்த திறமைகள் லெவல் 24, 30ல்தான் திறக்கும். தொடக்கத் திறமைகளில் போட்ட பாயின்ட்கள் பிற்பாடு வீண். ஒருமுறை போட்டதைத் திரும்ப எடுக்கவும் வழி இல்லை. விளைவு என்ன? விவரம் தெரிந்த ஆட்டக்காரர்கள் இருபது லெவல் வரை பாயின்ட்களைச் செலவழிக்காமல் உண்டியலில் போட்டு வைத்தார்கள். புதியவர்கள் கிடைத்ததை எல்லாம் அங்கங்கே தூவினார்கள். எழுபதாம் லெவலில் ஹெல் என்ற கடின நிலைக்குப் போய், அங்கே நெருப்பு உறைக்காத அரக்கர்கள் எதிரே வந்தபோதுதான், தாங்கள் வளர்த்தது உருப்படாத பாத்திரம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. பல வார உழைப்பை அழித்துவிட்டு முதல் லெவலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

2003 அக்டோபரில் வந்த 1.10 பேட்ச் முதல் பாதியைச் சரி செய்தது. தொடக்கத் திறமைகளில் போடும் பாயின்ட்கள், அதே வகையிலான பெரிய திறமைகளுக்குக் கூடுதல் பலம் தரும் என்று மாற்றினார்கள். இரண்டாவது பாதி, அதாவது பாயின்ட்களைத் திரும்பப் பெற்று மறுபடி பிரித்துப் போடும் வசதி, 2010ல் வந்த 1.13 பேட்சில்தான் கிடைத்தது. கேம் வெளியாகிக் கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் கழித்து! இன்று டயாப்லோ 2ஐப் புகழ்பவர்கள் பலர் ஆடுவது, பத்தாண்டு பேட்ச்கள் பூசி மெழுகப்பட்ட கேம். 2000ல் மூன்று சிடிக்களில் வந்த கேம் இதைவிட முரடானது. முதல் பாகத்தோடு ஒப்பிடும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சின்னச் சின்ன வசதிகள்

முதல் பாகத்தில் தங்கம் பையில் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் ஐயாயிரம் காசுகள்தான் வைக்க முடியும். பையில் இருப்பது நாற்பது கட்டங்கள். பணக்காரர் ஆக ஆக, மருந்து வைக்க இடம் இருக்காது. பெட்டி, பீரோ எதுவும் கிடையாது. மிச்சத்தை எல்லாம் ஊர் நடுவில் தரையில் கொட்டி வைக்க வேண்டும். ட்ரிஸ்ட்ரம் ஊர்ச் சதுக்கம் கடைசியில் சந்தை கலைந்த இடம் போலக் காட்சி தரும்.

இரண்டாம் பாகத்தில் தங்கம் இடம் பிடிக்காது. 24 கட்டங்கள் கொண்ட பெட்டி ஒன்று ஊரில் உண்டு. 2001ல் வந்த லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன் விரிவாக்கத்தில் அது 48 ஆனது. ஆல்ட் கீயை அழுத்தினால் தரையில் கிடக்கும் பொருட்களின் பெயர்கள் தெரியும். வழியில் உள்ள வேபாயின்ட் கற்களைத் தொட்டுவிட்டால் பிறகு நேராக அங்கேயே போய் இறங்கலாம். ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக க்ளிக் செய்யத் தேவையில்லை, பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும். மவுஸ் விற்பவர்களைத் தவிர மற்ற அனைவருக்கும் இது நல்ல செய்தி. நாற்பது கட்டப் பை மட்டும் அப்படியே இருந்தது. 2021 மறுபதிப்பில்கூட அதைப் பெரிதாக்கவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்ற யோசனை இந்த ஆட்டத்தின் ஒரு பகுதி என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

கிராபிக்ஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 2000லும் அதே 640க்கு 480 அளவுதான். அன்றே அதைக் குறையாகச் சொன்னார்கள். விரிவாக்கத்தில் 800க்கு 600 வந்தது.

ஏமாற்றுக்காரர்களும் சர்வரும்

சாஃப்ட்வேர் துறையில் இருப்பவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பேட்டில்.நெட் என்ற இலவச இன்டர்நெட் சேவை முதல் டயாப்லோவுடன்தான் வந்தது. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். ஆனால் பேட்டில்.நெட்டின் வேலை கல்யாணத் தரகர் வேலை போன்றது. ஆட்களை அறிமுகப்படுத்தி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு ஆட்டக்காரர்களின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும். உங்கள் பாத்திரத்தின் விவரங்கள் உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒரு ஃபைலாக இருக்கும்.

இதன் பொருள் என்னவென்று கொஞ்சம் யோசித்தால் புரியும். ஒவ்வொருவரும் தன் மார்க் ஷீட்டைத் தானே வைத்திருக்கிறார்கள், தானே திருத்தவும் முடியும். அந்த ஃபைலைத் திருத்தும் புரோகிராம்கள் சீக்கிரமே பரவின. இரண்டாம் லெவல் ஆள் கடவுளின் கவசத்தோடு வந்து நிற்பான். ஒரே ஆயுதத்தை நூறு பிரதி எடுத்தார்கள். பாதுகாப்பான இடமாக இருக்க வேண்டிய ஊருக்குள்ளேயே மற்ற ஆட்டக்காரர்களைக் கொன்றார்கள். செத்தவரின் உடைமைகள் தரையில் சிதறும், யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். நேர்மையாக ஆடியவர்கள் தெரிந்த நண்பர்களோடு மட்டும் ஆடத் தொடங்கினார்கள்.

டயாப்லோ 2ல் இதை அடிப்படையிலேயே மாற்றினார்கள். பாத்திரங்கள் பிளிசார்ட்டின் சர்வரில் இருக்கும். ஆட்டத்தின் கணக்குகளும் அங்கேதான் நடக்கும். 'இந்த அரக்கனை அடித்தேன்' என்று உங்கள் கம்ப்யூட்டர் சொன்னால், அடி விழுந்ததா, எவ்வளவு என்பதை சர்வர்தான் முடிவு செய்யும். எட்டுப் பேர் வரை சேரலாம். செத்தால் உங்கள் பிணம் உங்கள் உடைமைகளோடு கிடக்கும், சாதாரண ஆட்டத்தில் நீங்கள்தான் எடுக்க முடியும். பழைய முறையில் ஆட விரும்புபவர்களுக்காக அதையும் தனியாக வைத்திருந்தார்கள்.

பயனரின் கம்ப்யூட்டரிலிருந்து வரும் எதையும் நம்பாதே என்பது இன்று எங்கள் துறையில் புதிதாகச் சேருபவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தரும் பாடம். வங்கி இணையதளம் முதல் ரயில் டிக்கெட் வரை அதன்படிதான் கட்டப்படுகின்றன. ஒரு கேம் கம்பெனி அதை லட்சக்கணக்கான பேர் முன்னிலையில் அடிபட்டுக் கற்று, மூன்றரை ஆண்டுகளில் திருத்தி வந்தது என்பதை நான் ஸ்கில் ட்ரீக்குச் சமமான சாதனையாகவே வைப்பேன்.

அதற்காக ஏமாற்று அடியோடு ஒழிந்துவிடவில்லை. சர்வரில் இருந்த ஓட்டைகள் வழியாகவும் பொருட்களை நகல் எடுத்தார்கள். அதிலும் ஸ்டோன் ஆஃப் ஜோர்டன் என்ற மோதிரம் வேடிக்கையான கதை. இந்த கேமில் தங்கத்திற்கு மதிப்பே இல்லை. ஒருவர் தன் லெவலைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் வரும் அளவுக்கு மேல் தங்கத்தைக் கையில் வைத்திருக்க முடியாது, செத்தால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். எனவே ஆட்டக்காரர்கள் ஒரே கட்டத்தில் அடங்கும் இந்த மோதிரத்தையே பணமாக்கிக்கொண்டார்கள். இந்தக் கவசத்திற்கு இத்தனை மோதிரம் என்று விலை பேசினார்கள். நகல்கள் பெருகப் பெருக மோதிரத்தின் மதிப்பு சரிந்தது. நம் ஊர் விலைவாசி ஏற்றம்தான்! 1.10 பேட்சில் பிளிசார்ட் ஒரு தந்திரம் செய்தது. ஆட்டக்காரர்கள் போதுமான மோதிரங்களைக் கடைக்காரர்களிடம் விற்றால், சர்வரில் ஒரு மகா டயாப்லோ வருவான், அவனைக் கொன்றால் அரிய பொருள் கிடைக்கும் என்று வைத்தது. புழக்கத்தில் இருந்த கள்ள மோதிரங்களை ஆட்டக்காரர்களே கொண்டுவந்து கொட்டினார்கள்.

பயம் எங்கே போயிற்று?

கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பா மகனிடம் முதல் டயாப்லோவைக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் அவன் கேட்டது: "அண்ணா, இதுல ஓடறதுக்கு எந்த கீ?"

எந்தக் கீயும் இல்லை. முதல் பாகத்தில் ஓட முடியாது. கட்டம் கட்டமாக நடக்கத்தான் முடியும். அரக்கர் கூட்டம் துரத்தினால் நடந்தே தப்பிக்க வேண்டும், பெரும்பாலும் தப்பிக்க முடியாது. ஆகவே கதவைத் திறக்கும் முன்பே யோசிப்பீர்கள். இருட்டில் நாலடி தூரம்தான் வெளிச்சம் இருக்கும். அதற்கு அப்பால் ஏதோ முனகும் சத்தம் மட்டும் கேட்கும். இரண்டாம் நிலையில் புட்சர் என்ற கசாப்புக்காரன் ரத்தம் தோய்ந்த அறை ஒன்றில் காத்திருப்பான். கதவைத் திறந்ததும் புது இறைச்சி வந்துவிட்டது என்று உறுமிக்கொண்டு பாய்வான். அந்த நேரத்தில் உங்கள் ஆள் மூன்றாவது, நான்காவது லெவலில் இருப்பான். கையில் ஓட்டைக் கத்தி இருக்கும். என் தம்பி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டான்.

இரண்டாம் பாகத்தில் ஓடலாம். அதற்கு ஒரு மறைமுக விலையும் வைத்திருக்கிறார்கள். ஓடும்போது உங்கள் தற்காப்பு எண் பூஜ்யமாகிவிடும். இது கேமில் எங்கும் பளிச்சென்று எழுதப்படவில்லை. தெரியாதவர்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஓட்டம் வந்ததும் பயம் போய்விட்டது. திறந்த வெளி, பகல் வெளிச்சம், பத்து இருபது அரக்கர்களை ஒரே வீச்சில் சாய்க்கும் திறமைகள். இங்கே நீங்கள் வேட்டையாடுபவர். முதல் பாகத்தில் யார் வேட்டை, யார் வேடன் என்பதே சரியாகத் தெரியாது.

இன்னொரு மாற்றம் இன்னும் ஆழமானது. முதல் பாகத்தில் தனியாக ஆடும்போது எந்த இடத்திலும் சேவ் செய்யலாம். ஒரு நிலையில் இருப்பவற்றை எல்லாம் கொன்றுவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும். திரும்பி வரும்போது நீங்கள் வீழ்த்திய பிணங்கள் மட்டும் கிடக்கும். அந்த அமைதியே ஒரு வெற்றி. இரண்டாம் பாகத்தில் சேவ் செய்து வெளியேறினால் வேபாயின்ட்களும் முடித்த குவெஸ்ட்களும் மட்டும் நினைவில் இருக்கும். அரக்கர்கள் அத்தனை பேரும் மறுபடி உயிரோடு வந்து நிற்பார்கள். நீங்கள் எந்த இடத்தையும் நிரந்தரமாகச் சுத்தம் செய்ய முடியாது.

இதை மறதியால் விட்ட குறை என்று எண்ண வேண்டாம். மூன்றாம் பகுதியின் தலைவன் மெஃபிஸ்டோவை ஒருமுறை கொன்றவர், மறுபடி மறுபடி வந்து நூறு முறை கொல்ல வேண்டும் என்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு பொருள் விழும். நீல நிறம் மந்திரப் பொருள், மஞ்சள் அரியது, பச்சை ஒரு தொகுப்பைச் சேர்ந்தது, பொன்னிறம் உலகில் தனித்தது. முதல் பாகத்தில் வெள்ளை, நீலம், பொன் என்று மூன்றே வகைகள். இரண்டாம் பாகம் இந்த வண்ணங்களைக் கூட்டி, சூதாட்ட மெஷினின் கைப்பிடியை நம் மவுஸுக்குள் வைத்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை என்று விடியும் வரை ஆடியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பிற்பாடு வந்த பார்டர்லேண்ட்ஸ், பாத் ஆஃப் எக்ஸைல் போன்ற கேம்கள் இந்தச் சுழற்சியைத்தான் எடுத்துக்கொண்டன.

முதல் டயாப்லோவிற்கு முடிவு உண்டு. பதினாறாம் நிலையில் டயாப்லோ செத்தால் கதை முடிந்தது. இரண்டாவதற்கு முடிவே இல்லை, நீங்களாக நிறுத்தினால்தான் உண்டு. இதை மேம்பாடு என்று சொல்வதா? வியாபாரத்திற்கு நிச்சயமாக. எனக்கு இரண்டும் இரண்டு விதமான ஆசைகளைத் தீர்ப்பதாகவே படுகின்றது. முதலாவதை முடித்த இரவில் திருப்தியாகத் தூங்கினேன். இரண்டாவதை முடித்த இரவில் நைட்மேர் நிலையைத் தொடங்கினேன்.

வேறொரு இடத்திலும் இரண்டாம் பாகம் பின்வாங்கியிருக்கின்றது. முதல் பாகத்தில் தனி ஆட்டத்தின் குவெஸ்ட்களே மாறி மாறி வரும். ஒரு ஆட்டத்தில் புட்சர் இருப்பான், மறு ஆட்டத்தில் அவன் வராமலே போகலாம். இரண்டாம் பாகத்தில் 21 குவெஸ்ட்களும் எப்போதும் அதே வரிசைதான். மூன்றாவது முறை ஆடும்போது குராஸ்ட் காட்டுக்குள் நுழையும் முன்பே கொட்டாவி வந்துவிடுகின்றது. அந்தக் காடு முதல் முறையே அலுப்புதான் என்பது வேறு விஷயம்.

பழைய ஊருக்குத் திரும்புதல்

கதையைப் பொறுத்தவரை இரண்டாம் பாகத்திற்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். முதல் பாகத்தின் கடைசிக் காட்சியில் வெற்றி பெற்ற வீரன், டயாப்லோவின் ஆவி அடங்கிய கல்லைத் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்வான். அடக்கி வைத்துவிடலாம் என்று நினைப்பு. அடக்க முடியவில்லை. இரண்டாம் பாகத்தில் நாம் துரத்திக்கொண்டு போகும் அந்தக் கறுப்பு நாடோடி, முதல் பாகத்தில் நாமே ஆட்டிவைத்த வீரன்தான்! முதல் பகுதியில் எதிர்ப்படும் ப்ளட் ரேவன் அன்றைய வில்லாளி. இரண்டாம் பகுதியின் சம்மனர் அன்றைய மந்திரவாதி. அன்று நாம் எடுத்து ஆடிய மூவருமே கெட்டுப்போனார்கள்.

முதல் பகுதி நடுவில் ட்ரிஸ்ட்ரமுக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கின்றது. ஊர் எரிந்துகொண்டிருக்கும். டெக்கார்ட் கெயின் கூண்டில் தொங்குவார். நமக்குக் கத்தி விற்ற கொல்லர் கிரிஸ்வால்ட் பேயாகி நம்மையே தாக்குவார். மரக்கால் சிறுவன் விர்ட் பிணமாகக் கிடப்பான். பின்னணியில் மேட் உல்மென் இசையமைத்த அதே பழைய கிதார். முதல் பாகத்தை ஆடாமல் வருபவருக்கு இது இன்னொரு எரிந்த ஊர். ஆடியவருக்கு அப்படி இல்லை.

விர்டின் மரக்காலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதல் பாகம் வந்தபோது, ஊரில் நிற்கும் பசுவைப் பலமுறை க்ளிக் செய்தால் ரகசிய நிலை திறக்கும் என்று வதந்தி கிளம்பியது. அப்படி எதுவும் இல்லை. 1998ல் வெளியிட்ட ஸ்டார்கிராஃப்ட் கேமில் பிளிசார்ட், பசு நிலை கிடையாது என்ற வாக்கியத்தையே ஒரு சீட் கோடாக வைத்துக் கேலி செய்தது. கடைசியில் டயாப்லோ 2ல் அந்த நிலையை நிஜமாகவே செய்து வைத்துவிட்டார்கள். கேமை ஒருமுறை முடித்தபின், இந்த மரக்காலையும் ஊருக்குத் திரும்பும் மந்திரப் புத்தகத்தையும் ஹொராட்ரிக் க்யூபில் ஒன்றாகப் போடுங்கள். கோடாரி பிடித்த பசுக்கூட்டம் இரண்டு காலில் நின்று வரவேற்கும்.

இவ்வளவு கோர்வையான கேமுக்கு முழுமையான திட்ட அறிக்கை என்று ஒன்று கடைசி வரை எழுதப்படவே இல்லை என்று எரிக் ஷேஃபர் 2000ல் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருக்கின்றார். செய்து பார்ப்பது, ஆடிப் பார்ப்பது, பிடிக்காததைத் தூக்கி எறிவது என்றே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் யாரும் இதைப் படித்துவிட வேண்டாம்.

எதை, எப்படி ஆடுவது?

முதல் பாகம் 2019லிருந்து ஜிஓஜி தளத்தில் கிடைக்கின்றது. 1997ல் வந்த ஹெல்ஃபயர் விரிவாக்கமும் அதனுடன் வரும். இன்றைய விண்டோஸில் சிக்கல் இல்லாமல் ஓடுகின்றது. அகலத் திரையில் ஆட விரும்பினால் டெவிலூஷன்எக்ஸ் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் புரோகிராமை டவுன்லோட் செய்து, ஒரிஜினல் கேமிலிருந்து டயாப்டாட் என்ற ஃபைலை மட்டும் அதில் காப்பி செய்துகொள்ளுங்கள். ஊருக்குள் மட்டும் ஓடும் வசதியும் அதில் உண்டு. பழைய லேப்டாப்பே போதும்.

இரண்டாம் பாகத்திற்கு 2021 செப்டம்பர் 23ல் வந்த ரெஸரக்டட் பதிப்பு நல்லது. உள்ளே பழைய கேமின் கணக்குகளே, நொடிக்கு 25 முறை என்ற அதே வேகத்தில் ஓடுகின்றன. மேலே புதிய முப்பரிமாணப் படம். ஜி கீயை அழுத்தினால் நொடியில் 2000ஆம் ஆண்டுக் காட்சி வந்துவிடும். நூறு கட்டங்கள் கொண்ட பெட்டியும், உங்கள் எல்லாப் பாத்திரங்களும் பகிர்ந்துகொள்ளும் பெட்டிகளும் இருக்கின்றன. தங்கத்தைக் குனிந்து பொறுக்க வேண்டாம், மேலே நடந்தாலே சேர்ந்துவிடும். ஆனால் வீட்டிலுள்ள இரண்டு கம்ப்யூட்டர்களை நேரடியாக இணைத்து ஆடும் பழைய வசதியை எடுத்துவிட்டார்கள். அண்ணன் தம்பி சேர்ந்து ஆடுவதென்றாலும் இன்டர்நெட் வழியாகத்தான். 30 ஜிபி இடமும் 8 ஜிபி ராமும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேம்களுமே பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை குத்தப்பட்டவை, ரத்தம் தாராளம்.

முதல் பாகத்தை முதலில் ஆடுங்கள். மந்திரவாதியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஆரம்பத்தில் நான்கு அடியில் செத்துப்போவான். வீரனை எடுத்துக்கொண்டு, கதவு வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே வரவிட்டு அடியுங்கள். இரண்டாம் நிலையில் ரத்தக்கறை படிந்த அறை தென்பட்டால் திறக்க அவசரப்படாதீர்கள். நான்காம் நிலை வரை போய் லெவலை ஏற்றிக்கொண்டு திரும்பி வாருங்கள். அவன் எங்கும் போய்விட மாட்டான்.